மலையேறிய மோட்டார்: ஊவாப் பாதைகளும் அமெரிக்கக் கார்களும்

ஓர் இயந்திரத்தின் உண்மையான குணத்தை அறிய வேண்டுமாயின் அதனைச் சமவெளியில் ஓட்டிப் பார்த்தாற் போதாது. மலையேற்றிப் பார்க்க வேண்டும். சமவெளியில் எல்லா மோட்டார்களும் நல்ல மோட்டார்களே. ஏற்றத்தில்தான் எஞ்சினின் வலுவும், இறக்கத்தில்தான் பிறேக்கின் உறுதியும், வளைவில்தான் வண்டியின் அளவும் சோதனைக்குள்ளாகின்றன. அத்தகைய சோதனைச் சாலை ஒன்று நமது நாட்டில் உண்டு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, அல்துமுல்லை வழியாக வரும் பெருந்தெரு பெரகலையில் கிளை பிரிந்து அப்புத்தளைக்கு ஏறுகிறது. அங்கிருந்து பண்டாரவளைக்கு வந்து, பின்னர் ஹாலி-எலவையும் பதுளையையும் நோக்கி இறங்குகிறது. அப்புத்தளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,700 அடி. பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி. பதுளையோ 2,200 அடி. ஏறுவதும் இறங்குவதுமே இப்பாதையின் இயல்பு.

இந்த மலைப்பாதைக்கு அமெரிக்க மோட்டார் கார் வந்த கதையும், சில காலம் சிறந்து நின்ற கதையும், பின்னர் மறைந்த கதையும் ஒரு தொழில்நுட்ப வரலாறு மட்டுமன்று. ஓர் இயந்திரம் எந்த மண்ணுக்காகப் படைக்கப்பட்டதோ அந்த மண்ணின் குணத்தை எவ்வளவு தூரம் தன்னோடு சுமந்து செல்கிறது என்பதை அது காட்டுகிறது. அதனை வாங்குவதற்கான செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது.

முதலில் மலை இயந்திரத்துக்குச் செய்யும் துன்பங்களைச் சிறிது நோக்குவோம். உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டும். காற்று மெலிந்தால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. ஒவ்வொரு 1,000 அடிக்கும் எஞ்சினின் வலு நூற்றுக்கு மூன்று பங்கு குறையும் என்பது பொறியியலாளர் கொண்ட பொதுக் கணக்கு. ஆகவே கொழும்பில் 20 குதிரைவலுவுடைய எஞ்சின் அப்புத்தளையில் 17 குதிரைவலு அளவுக்கே உழைக்கும். அதே வேளையில் நீரின் கொதிநிலையும் தாழ்கிறது. கடற்கரையில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், அப்புத்தளையில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். வலு குறைந்த எஞ்சினை வருத்தி ஏற்ற வேண்டிய இடத்திலேயே அதனைக் குளிர்விக்கும் நீரும் விரைவில் கொதித்து ஆவியாகிறது. பழைய மோட்டார்கள் மலைப்பாதையோரத்து நீர்ப்பீலிகளருகே நின்று இளைப்பாறியமைக்குக் காரணம் இதுவே.

இத்தகைய பாதை எவ்வாறு உண்டாயிற்று? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் பரவியபோது, மேஜர் தோமஸ் ஸ்கின்னர் போன்றோரின் மேற்பார்வையில் இலங்கையின் பெருந்தெருக்கள் அமைந்தன. ஊவாவில் பாதை அமைத்த அதிகாரிகளுள் ஒருவர் மேஜர் ரோஜர்ஸ். எண்ணற்ற யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்ற பெயரும் அவருக்குண்டு. 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். பதுளையிலுள்ள புனித மார்க் ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. அதிகாரிகளின் பெயர்கள் ஏடுகளில் நின்றன. பாறையைப் பிளந்து, கல் சுமந்து, மழையிலும் காய்ச்சலிலும் வருந்திய தமிழ்த் தொழிலாளரின் பெயர்கள் நிற்கவில்லை. ஆயினும் அவர்கள் வெட்டிய வளைவுகளிலேயே இன்றும் வண்டிகள் திரும்புகின்றன.

1869ஆம் ஆண்டில் தொடங்கிய இலைநோயினால் கோப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லப் புகையிரதப் பாதை மேலும் மேலும் நீண்டது. 1885இல் நானுஓயாவை அடைந்த பாதை, பட்டிப்பொலையின் உச்சியைக் கடந்து 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கே அது நீண்ட காலம் நின்றுவிட்டது. தெமோதரையில் பாதை தன்னைத் தானே சுற்றிவந்து நிலையத்துக்குக் கீழே குகைவழி நுழையும் அந்த விந்தையான அமைப்பைச் செய்து முடித்து, புகையிரதம் பதுளையை அடைந்தது 1924 ஏப்ரல் மாதத்திலேயாகும். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் பண்டாரவளையே இருப்புப்பாதையின் எல்லை. பதுளைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலை மாட்டுவண்டிகளில் பண்டாரவளைக்கு ஏறி வரவேண்டும். அரிசியும் உரமும் இயந்திரங்களும் அங்கிருந்து இறங்கிச் செல்லவேண்டும். மோட்டார் வண்டி உலகில் வளர்ந்த காலமும் ஏறத்தாழ இதுவே. ஆகவே மோட்டாருக்குப் பண்டாரவளையில் வேலை காத்திருந்தது.

இனி, கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். 1908 ஒக்ரோபர் மாதத்தில் ஹென்றி போர்ட் தமது 'டி' மாதிரிக் காரை வெளியிட்டார். அக்காலத்து அமெரிக்கா இன்று நாம் கற்பனை செய்வது போன்ற அகன்ற சிமெந்துச் சாலைகளின் நாடன்று. பட்டினங்களை விட்டு வெளியேறினால் எங்கும் சேறும் பள்ளமும் வண்டித் தடமுமே. போர்ட் தமது காரைப் பட்டினத்துச் செல்வருக்காக அன்றிக் கிராமத்து விவசாயிக்காகவே வகுத்தார். எனவே அதன் அடிப்பாகம் நிலத்திலிருந்து நன்கு உயர்ந்து நின்றது. குறுக்காக அமைந்த வில்கள் எத்தகைய பள்ளத்திலும் சக்கரங்கள் வளைந்து கொடுக்க இடமளித்தன. வனேடியம் கலந்த உருக்கு அதன் உறுப்புகளை இலேசாகவும் உறுதியாகவும் ஆக்கிற்று. நான்கு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்து, மேல்மூடியைத் தனியே கழற்றுமாறு அமைத்தமை அதன் எஞ்சினின் பெருஞ்சிறப்பு. 177 கன அங்குலம் கொள்ளளவு, 20 குதிரைவலு. வேகம் சிறிதே, ஆயினும் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவை தரும் எஞ்சின் அது.

ஊவாவின் தோட்டப் பாதைக்கும் அயோவாவின் பண்ணைப் பாதைக்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டும் சேறு, இரண்டும் பள்ளம், இரண்டிலும் பழுது பார்ப்பவர் அருகில் இல்லை. ஆகவே விவசாயிக்காகச் செய்த கார் தோட்டத்துக்கும் பொருந்தியது வியப்பன்று. ஆயினும் ஒரு குறை இருந்தது. 'டி' மாதிரியில் பெற்றோல் தாங்கி முன்னிருக்கையின் கீழே அமைந்திருந்தது. பெற்றோலை எஞ்சினுக்கு இறைக்கப் பம்பு இல்லை. தாங்கி உயரவும் எஞ்சின் தாழவும் இருப்பதனால் அது தானாகவே வழிந்து சென்றது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் முன்புறம் உயர்ந்துவிட்டால் எஞ்சின் மேலும் தாங்கி கீழுமாகிப் பெற்றோல் செல்லாது நின்றுவிடும். இதற்குச் சாரதிகள் கண்ட வழி நகைப்புக்கிடமானது, ஆயினும் அறிவார்ந்தது: வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேற்றினார்கள். பின்செல்லும் கியர் முன்செல்லும் கியர்களைவிட அதிக இழுவை உடையது. எனவே பெற்றோலும் வந்தது, வலுவும் கூடியது. மலைக்கு முதுகைக் காட்டி மலையேறிய கார் இது எனலாம்.

அதன் மலிவும் குறிப்பிடத்தக்கது. 1913இல் போர்ட் தமது ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் தொடர்வரிசை முறையைப் புகுத்தினார். அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டுவதற்கு முன்னர் 12 மணி நேரத்துக்கு மேல் சென்றது. அது ஒன்றரை மணி நேரமளவுக்குக் குறைந்தது. 1908இல் 850 டொலருக்கு விற்ற கார், 1925இல் அதன் எளிய வடிவில் 260 டொலருக்கு விற்றது. 1927இல் அதன் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில் 150 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன.

இங்கே ஒரு கேள்வி எழலாம். இலங்கை பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த நாடு. தோட்டத்துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தோர். அவ்வாறாயின் ஆங்கிலக் கார்கள் அல்லவோ இங்கே ஓங்கியிருக்க வேண்டும்? இதற்கு விடை பிரித்தானியாவின் வரிச் சட்டத்தில் உள்ளது. 1921 முதல் அங்கே ஒவ்வொரு குதிரைவலுவுக்கும் ஒரு பவுண் வீதம் ஆண்டு வரி விதிக்கப்பட்டது. குதிரைவலுவை உண்மையாக அளந்து பாராமல், சிலிண்டரின் குறுக்களவைக் கொண்டே கணக்கிட்டனர். எனவே ஆங்கிலப் பொறியியலாளர் வரிக்கு அஞ்சிச் சிலிண்டரை ஒடுக்கமாகவும் நீளமாகவும் வகுத்தனர். அத்தகைய சிற்றெஞ்சின் இங்கிலாந்தின் மெல்லிய மேடுகளுக்குப் போதும்; அப்புத்தளை ஏற்றத்தில் அது கியரை மாற்றி மாற்றி அலற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் அத்தகைய வரியில்லை, பெற்றோலும் மலிவு. அகன்ற சிலிண்டரும் பெரிய எஞ்சினும் அங்கே இயல்பாக வளர்ந்தன. ஒரு நாட்டின் வரிக் கணக்கு, 6,000 மைலுக்கு அப்பாலுள்ள மலையொன்றில் எந்த மோட்டார் ஏறும் என்பதைத் தீர்மானித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்குச் சென்ற போர்ட் கார்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து அல்ல, கனடாவின் ஒந்தாரியோ மாகாணத்திலிருந்தே வந்தன. கனடாவும் பேரரசின் உறுப்பு. ஆதலால் தீர்வைச் சலுகை கிடைத்தது. வலப்புறச் சுக்கானுடைய கார்களையும் அங்கேயே செய்தனர். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் கனேடியக் கிளையும் ஒஷாவா நகரில் அவ்வாறே செய்தது. 1932இல் ஒட்டாவா மாநாட்டில் பேரரசுச் சலுகைகள் உறுதிப்படுத்தப்பட்டபோது இந்த வழி மேலும் பயன்பட்டது. அமெரிக்க வடிவம், கனேடிய முத்திரை, இலங்கைப் பாதை என்று அவை இங்கு வந்து சேர்ந்தன.

1920களின் இறுதியில் அமெரிக்க மோட்டார்த் தொழிலில் ஒரு பெருந்திருப்பம் நிகழ்ந்தது. அதுவரையில் மலிவும் உறுதியுமே இலட்சியம். இப்பொழுது நயமும் தோற்றமும் போட்டிக்கு வந்தன. ஜெனரல் மோட்டோர்ஸின் தலைவர் அல்பிரட் ஸ்லோன், ஒவ்வொருவர் பணப்பைக்கும் ஏற்ற கார் ஒன்று வேண்டும் என்றும், அதனையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும் கொள்கை வகுத்தார். 1929இல் செவ்ரோலே கார் நான்கு சிலிண்டர் விலைக்கே ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தந்தது. 194 கன அங்குலம், 46 குதிரைவலு. அதன் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே அமைந்தவை. அதன் மரையாணிகள் அடுப்பில் பூட்டும் ஆணிகளை ஒத்திருந்தமையால் 'அடுப்பாணி எஞ்சின்' என்றே அமெரிக்கர் அதனைச் செல்லமாக அழைத்தனர். அதே குடும்பத்து எஞ்சின் லொறியிலும் இருந்தது. இஃது ஊவாவுக்குப் பெரும் வசதி. காரின் உறுப்பு லொறிக்கும், லொறியின் உறுப்பு பஸ்ஸுக்கும் உதவும். தூரத்து ஊரின் கராஜில் ஓர் இயந்திரத்தின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் மேன்மையைவிட உதிரி உறுப்பின் கிடைப்பே.

ஏறுவது ஒரு கலை. இறங்குவது அதனினும் பெரிய கலை. 1924இல் கிறைஸ்லர் கார் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தப் பிறேக்குடன் வந்தது. கம்பியும் கோலும் கொண்டு இழுக்கும் பழைய பிறேக்கில் ஒரு சக்கரம் முந்தியும் ஒன்று பிந்தியும் பிடிக்கும். ஈரமான மலைவளைவில் அதன் விளைவு சொல்லவேண்டியதில்லை. எண்ணெய் அழுத்தமோ எல்லாப் பக்கமும் சமமாகச் செல்லும் இயல்புடையது. 1928இல் கிறைஸ்லர் நிறுவனம் அதே பிறேக்கைப் பிளிமத் என்னும் மலிவுக் காரிலும் பூட்டிற்று. போர்ட் நிறுவனம் அதனை ஏற்றது 1939ஆம் ஆண்டு மாதிரிகளிலேதான். 1928இல் கடிலாக் கார் கொண்டுவந்த ஒத்திசைவுக் கியரும் மலைக்கு ஏற்றதே. இறக்கத்தில் தாழ்ந்த கியருக்கு மாறி எஞ்சினையே பிறேக்காகப் பயன்படுத்துவது மலைச்சாரதியின் முதற் பாடம். கியர் கடகடவென்று மறுக்காமல் இசைந்து விழுந்தால் அப்பாடம் எளிதாகிறது.

1932இல் போர்ட் நிறுவனம் எட்டுச் சிலிண்டர்களை 'வீ' வடிவில் ஒரே வார்ப்பாக வார்த்துச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு விற்றது. அதுவரையில் 'வீ-எட்டு' எஞ்சின் செல்வரின் உடைமை. 221 கன அங்குலம், 65 குதிரைவலு. இரண்டு ஆண்டுகளில் அது 85 ஆயிற்று. ஆயினும் அதன் வடிவமைப்பில் ஒரு குற்றம் இருந்தது. எரிந்த புகை வெளியேறும் வழிகள் சிலிண்டர்களுக்கிடையே, குளிர்நீர் ஓடும் அறையினூடாகவே சென்றன. குளிர்விக்க வேண்டிய நீரையே அவை சூடாக்கின. பம்புகளும் முதலில் எஞ்சினின் தலைப்பாகத்தில் இருந்து சுடுநீரை இழுத்தன. 1937இல்தான் அவை கீழே மாற்றப்பட்டன. சமவெளியில் பறக்கும் வீ-எட்டு, நீண்ட ஏற்றத்தில் றேடியேற்றரைக் கொதிக்க வைப்பதில் பெயர்பெற்றது. சிறந்த கருவி எல்லா இடத்துக்கும் சிறந்ததாகாது என்பதற்கு இது முதல் அடையாளம்.

வடிவமைப்பின் கதையும் இதே காலத்திற் பிறந்ததே. தொடக்கத்தில் காரின் மேல்உடல் மரச்சட்டத்தின்மீது தகடு போர்த்தி, துணிக்கூரை இட்டுச் செய்யப்பட்டது. குதிரைவண்டித் தச்சரின் மரபு அது. மழையும் மூடுபனியும் மிகுந்த மலைநாட்டில் மரச்சட்டம் இற்றுப்போவது எளிது. அகன்ற உருக்குத் தகட்டை ஒரே வீச்சில் உருட்டும் ஆலைகள் தோன்றிய பின்னர், 1935ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டோர்ஸ் முழு உருக்குக் கூரையைத் தந்தது. வண்ணத்திலும் அவ்வாறே. பழைய வர்ணம் உலர வாரங்கள் செல்லும். விரைவில் உலர்வது கறுப்பு ஒன்றே என்பதால் 1914 முதல் 1925 வரை போர்ட் கார் கறுப்பாகவே வந்தது. டூபோன் கம்பெனி கண்ட விரைந்துலரும் மெருகெண்ணெய் 1920களின் நடுவில் வந்தபின் நீலமும் பச்சையும் சிவப்பும் தெருவுக்கு வந்தன.

1927இல் ஹார்லி ஏர்ல் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஜெனரல் மோட்டோர்ஸ் ஒரு கலைப்பிரிவையே நிறுவிற்று. அவர் ஹொலிவூட்டில் நடிகர்களுக்குத் தனிப்பட்ட கார்உடல்களைச் செய்து பெயர்பெற்றவர். களிமண்ணில் முழு உருவம் பிடித்துப் பார்த்து, பின்னரே தகட்டில் வார்க்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் அவரே. கார் நீளமாகவும் தாழ்வாகவும் தோன்றவேண்டும் என்பதே அவருடைய நீங்காத எண்ணம். 1934இல் கிறைஸ்லர் நிறுவனம் வேறொரு வழியில் சென்றது. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்தைக் காற்றுக்குகையில் ஆராய்ந்து 'எயர்புளோ' என்ற காரை வெளியிட்டது. அறிவியலின்படி அது சரியானது, மக்களின் கண்ணுக்கோ பிடிக்கவில்லை, விற்பனை வீழ்ந்தது. அதிலிருந்து அமெரிக்கக் கம்பெனிகள் கற்ற பாடம், மக்கள் அறிவியலை வாங்குவதில்லை, அழகையே வாங்குகிறார்கள் என்பதாகும். பின்வந்த 25 ஆண்டுகளின் சிறப்புக்கும் சீரழிவுக்கும் இப்பாடமே வித்து.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மீண்டும் ஒருமுறை பாதைக்கேற்ற வண்டியைச் செய்தது. அதுவே ஜீப். 134 கன அங்குலம், 60 குதிரைவலு, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. நகையோ மெருகோ எதுவுமில்லை. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்த நாள்களில் இலங்கையர் அதனை நன்கு அறிந்தனர். போர் முடிந்தபின் மிஞ்சிய ஜீப்புகள் தோட்டப் பாதைகளில் நீண்ட காலம் உழைத்தன.

போருக்குப் பின் அமெரிக்கா செல்வத்தின் உச்சிக்கு ஏறிற்று. அதன் காரும் உடன் ஏறிற்று. 1949இல் ஓல்ட்ஸ்மொபில், கடிலாக் ஆகிய இரண்டும் மேல்வால்வு அமைந்த புதிய வீ-எட்டு எஞ்சின்களை வெளியிட்டன. கடிலாக்கின் 331 கன அங்குல எஞ்சின் 160 குதிரைவலு தந்தது. 1951இல் கிறைஸ்லர், அரைக்கோள வடிவான எரியறையுடன் 180 குதிரைவலு தந்தது. 1955இல் செவ்ரோலே நிறுவனம் 265 கன அங்குலச் சிறிய வீ-எட்டைப் பொதுமக்களுக்கு அளித்தது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை எரிவாயுவை மிக நெருக்கி அமுக்குவதே. அவ்வாறு அமுக்கினால் பெற்றோல் தானே வெடித்துத் தட்டும். 1921இல் தோமஸ் மிட்ஜ்லி அதனை அடக்க ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைக் கண்டார். அந்த ஈயம் பின்னர் உலகெங்கும் குழந்தைகளின் இரத்தத்திற் கலந்த நஞ்சாயிற்று. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது 2002ஆம் ஆண்டிலேயே.

எஞ்சின் இவ்வாறு முன்னேற, உடலோ வேறொரு திசையில் சென்றது. லைட்னிங் என்னும் போர்விமானத்தின் இரட்டை வாலைக் கண்ட ஏர்லின் குழுவினர் 1948இல் கடிலாக்கின் பின்புறத்தில் சிறு வாலிறகு ஒன்றை வைத்தனர். ஆண்டுக்காண்டு அது வளர்ந்து 1959இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டுக் கடிலாக்கின் நீளம் 18 அடி 9 அங்குலம். எளிய குடும்பத்துக் காரான செவ்ரோலேயும் பதினேழரை அடி நீளமும் ஏறத்தாழ ஆறு அடி எட்டு அங்குல அகலமும் கொண்டது. 'டி' மாதிரியின் நீளமோ 11 அடி சொச்சம்.

இத்தகைய காரை எல்ல, அப்புத்தளை வளைவுகளில் எண்ணிப் பாருங்கள். எதிரே தேயிலை லொறி வருகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். ஒரே வீச்சிற் திரும்பாத நீளம். ஒதுங்க இடம் தராத அகலம். பள்ளத்தில் வயிறு தட்டும் தாழ்வு. இரண்டு கியர் மட்டுமே கொண்ட தானியங்கிப் பெட்டி இறக்கத்தில் எஞ்சினின் பிடியைத் தளரவிடும். பாரம் முழுவதும் பிறேக் மீது விழும். நீண்ட இறக்கத்தில் உருளைப் பிறேக் சூடேறிப் பிடிப்பிழக்கும். நெவாடாவின் நேர்ச்சாலைக்கும் நியூயோர்க்கின் காட்சிக்கூடத்துக்கும் பிறந்த குழந்தை அது. விவசாயிக்காகப் பிறந்த தாத்தாவுக்கு ஊவா சொந்த ஊர் போலிருந்தது. பேரனுக்கோ அது அந்நிய நாடு. மாறாக, 1948இல் இங்கிலாந்தில் தோன்றிய மொரிஸ் மைனர் 12 அடி நான்கு அங்குலமே நீளம்; 918 கன சென்றிமீற்றர் எஞ்சின்; 28 குதிரைவலுவுக்கும் குறைவு. மெதுவாக ஏறினாலும் எந்த வளைவிலும் திரும்பிற்று. இலங்கைத் தெருக்களில் இன்றுவரை அதனைக் காண்கிறோம்.

பாதையைவிடப் பெரிய தடை ஒன்று அடுத்து வந்தது. பெற்றோலுக்கும் காருக்கும் அந்நியச் செலாவணி வேண்டும். இலங்கைக்கு அது கிடைத்தது பெரிதும் தேயிலையாலும் றப்பராலும் தெங்காலும். ஓர் இறாத்தல் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்து பறிக்க வேண்டும். கொரியப் போர்க் காலத்தில் விலை உயர்ந்திருந்தது. பின்னர் அது தளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிற்று. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் நிறுவப்பட்டு, அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துகள் கையேற்கப்பட்டன; அதற்குரிய நட்டஈடு பற்றிய பிணக்கினால் 1963இல் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்திற்று. நிறைந்த பெற்றோலை எதிர்பார்த்துப் பிறந்த கார்களுக்கு இலங்கையில் எதிர்காலம் இல்லாமற்போயிற்று.

கொழுந்து பறித்தோர் நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்ரோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு பின்னுக்கு வைக்கப்பட்டது. துரையின் பங்களாவுக்கு ஏறிய காரைப் பாதையோரம் ஒதுங்கி நின்று பார்த்த தலைமுறை, தலைமன்னாருக்குச் செல்லப் புகையிரதம் ஏறியது. ஒரு காரின் விலையை டொலரிலும் ரூபாவிலும் எழுதுவது எளிது. கொழுந்தில் எழுதினால்தான் அது யார் கொடுத்த விலை என்பது தெரியும். 1972லும் 1975லும் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட, துரைமாரும் கம்பெனிகளும் விலகினர். அவர்களுடைய பெருங்கார்களின் காலமும் அத்துடன் முடிந்தது.

அமெரிக்காவிலும் இதே கணக்கு வேறு வடிவில் வந்தது. பெருங்கார் வளர்ந்து வளர்ந்து நடுத்தரக் குடும்பத்துக்கே பெரிதாகிவிட்டதால், 1962இல் போர்ட் நிறுவனத்தின் பெயர்லேனும் 1964இல் செவ்ரோலேயின் செவெல்லும் 'நடுத்தர அளவு' என்ற புதிய வகுப்பாக வந்தன. செவெலின் சக்கர இடைவெளி 115 அங்குலம்; 1955ஆம் ஆண்டு முழு அளவுச் செவ்ரோலேயின் இடைவெளியும் அதுவே. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 'பெரியது' எனப்பட்டது இப்பொழுது 'நடுத்தரம்' ஆயிற்று. 1970இல் கடிலாக் எல்டொராடோவின் எஞ்சின் 500 கன அங்குலத்தை எட்டிற்று. 1973இல் அராபிய நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது பெற்றோல் நிலையங்களில் அமெரிக்கர் வரிசையில் நின்றனர். 1977இல் ஜெனரல் மோட்டோர்ஸ் தனது முழு அளவுக் கார்களை ஒரேயடியாகக் குறுக்கி எடை குறைத்தது. அந்த மரபின் கடைசிச் சின்னங்களுள் ஒன்றான போர்ட் கிரவுண் விக்டோரியா 2011 செப்டெம்பரில் நின்றுபோயிற்று.

அயல்நாடான இந்தியா வேறு வழி சென்றது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1928 முதல் பம்பாயில் கார் பூட்டியது. போர்ட் நிறுவனமும் 1926 முதல் இந்தியக் கிளை கொண்டிருந்தது. வெறுமனே பூட்டாமல் உறுப்புகளையும் நாட்டிலேயே செய்யவேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் இந்திய அரசு வற்புறுத்தவே இரண்டும் வெளியேறின. பிரீமியர் நிறுவனம் டொட்ஜ், பிளிமத் கார்களைச் சில காலம் பூட்டிப் பின்னர் சிறிய இத்தாலியக் காருக்கு மாறிற்று. அங்கும் வென்றது சிறிய எஞ்சினே.

ஆயின், பெரிய அமெரிக்க எஞ்சின் ஊவாவை விட்டு முற்றாகப் போய்விட்டதா? இல்லை, அது வேறு பாதைக்கு மாறிற்று. 1912இல் கடிலாக் காருக்கு மின்சாரத் தொடக்கியை அளித்துக் கைப்பிடி சுழற்றும் வேதனையை ஒழித்தவர் சார்ள்ஸ் கெற்றறிங். அவரே பின்னர் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராகி, புகையிரதத்துக்கேற்ற ஈரடிப்பு டீசல் எஞ்சினை உருவாக்கும் முயற்சியை நடத்தினார். அவர் மகன் யூஜீன் அதனை நிறைவேற்றினார். 1938இல் வந்த அந்த எஞ்சினின் பெயர் '567'. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம் என்பதே அதன் பொருள். கடிலாக்கின் மாபெரும் எஞ்சின் முழுவதையும் விட இதன் ஒற்றைச் சிலிண்டர் பெரிது. அதன் மேம்பட்ட வடிவில் 12 சிலிண்டர்களும் 1,425 குதிரைவலுவும் கொண்ட டீசல் எஞ்சின்களைக் கனடா கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இலங்கைக்கு அளித்தது. அவற்றுட் பலவற்றுக்குக் கனடாவின் மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன. போர்ட் கார் போலவே இதுவும் அமெரிக்க வடிவம், கனேடிய முத்திரை. 60 ஆண்டுகளுக்கு மேல் அவை இலங்கையில் உழைத்தன. காரணம் தெளிவு. இருப்புப்பாதையில் அகலம் தடையன்று. எண்ணெய்ச் செலவு ஒருவருக்கன்றி நூற்றுக்கணக்கானோருக்குப் பங்கிடப்படுகிறது. மெதுவாகச் சுழன்று நிறைய இழுப்பதே அங்கு வேண்டப்படும் குணம். 'டி' மாதிரி 1908இல் கொண்டிருந்த குணமும் அதுவே.

2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்திற்று. 2022இல் செலாவணி வற்றிப் பண்டாரவளை மக்களும் பெற்றோலுக்காக நீண்ட வரிசையில் நின்றனர். தனியார் வாகனங்களுக்கான தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேயே. அறுபது ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து பெருங்கார்களை இறக்கிய அதே கணக்கு மீண்டும் வந்து கதவைத் தட்டிற்று. ஒரு வண்டி எவ்வளவு வேகம் ஓடும் என்று கேட்பது காட்சிக்கூடத்தின் கேள்வி. அது எந்தப் பாதைக்குச் செய்யப்பட்டது, எவ்வளவு எண்ணெய் குடிக்கும், அந்த எண்ணெய்க்கு எத்தனை கூடைக் கொழுந்து பறிக்க வேண்டும் என்று கேட்பது மலைநாட்டின் கேள்வி. அப்புத்தளை ஏற்றம் ஒரு நூற்றாண்டாக இந்தக் கேள்வியையே ஒவ்வொரு வண்டியிடமும் கேட்டு வந்திருக்கிறது.